எல்லை மலைகளில் எரிபொருள் குழாய் வேலை

மோட்டார் வாகனத்தின் வரலாற்றை எழுதியவர்கள் எஞ்சினைப் பற்றியும் உடற்கூட்டைப் பற்றியும் எழுதிய அளவுக்கு, தொட்டியிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருளைக் கொண்டுசெல்லும் குழாயைப் பற்றி எழுதியதில்லை. விரல் தடிமன்கூட இல்லாத அந்தக் குழாய், சமவெளியில் ஓடும் வண்டியில் தொழிற்சாலை பொருத்திய இடத்திலேயே ஆயுள் முழுதும் கிடந்துவிடும். ஏற்றமும் வெப்பமும் வளைவும் ஒருசேர வாய்த்த நிலத்திலோ அது அடிக்கடி கழற்றப்பட்டு, வேறு வழியில் வளைக்கப்பட்டு, வேறு பொருளால் மாற்றப்பட்டு வந்திருக்கிறது. கேரளமும் தமிழகமும் தொட்டுக்கொள்ளும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள் அத்தகைய நிலம். கோயம்புத்தூரின் பந்தயக் கார்ப் பட்டறைகளில் காருக்கேற்பத் தனியாக எரிபொருள் குழாய் அமைக்கும் வேலையும், ஏலத்தோட்ட மலைகளில் ஜீப்புக்குக் குழாய் மாற்றும் வேலையும் வெவ்வேறு தொழில்களாகத் தோன்றினாலும், இரண்டும் ஒரே கேள்விக்கு விடை தேடியவை: எரிபொருளை நகர்த்தும் விசை எது, அந்த விசை எந்த இடத்தில் தோற்கிறது?

பாலக்காடும் இடுக்கியும் அண்டை மாவட்டங்கள் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே கேரளப் பக்கத்தில் திருச்சூரும் எறணாகுளமும் உள்ளன; தமிழகப் பக்கத்தில் ஆனைமலை நிற்கிறது. ஆகவே பாலக்காட்டிலிருந்து மூணாறுக்குப் போகும் வண்டிகளில் பல வாளையாறு அல்லது கோபாலபுரம் வழியாகத் தமிழகத்துக்குள் இறங்கி, பொள்ளாச்சியையும் உடுமலைப்பேட்டையையும் தொட்டு, சின்னாறு, மறையூர் வழியாக மீண்டும் கேரளத்துக்குள் ஏறுகின்றன. இந்த ஒரே பயணத்துக்குள், மார்ச், ஏப்ரல் மாதங்களில் 40 பாகை செல்சியஸை எட்டும் பாலக்காட்டுக் கணவாயின் வெக்கையும், 1,500 மீட்டர் உயரத்து மூணாற்றின் குளிரும் அடங்கிவிடுகின்றன. தெற்கே போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கும், கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் ஏறும் சாலைகள் இதைவிடச் செங்குத்தானவை. போடியிலிருந்து போடிமெட்டை அடைவதற்குள் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறியாக வேண்டும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வரையப்பட்ட வண்டிகளின் வரைபடங்களில் இத்தகைய சாலைக்கு இடம் இருந்ததில்லை.

தொடக்க கால வண்டிகளில் எரிபொருளை நகர்த்தியது புவியீர்ப்பு ஒன்றுதான். 1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்ட ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் தொட்டி முன் இருக்கைக்குக் கீழே இருந்தது. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் கார்பரேட்டர் என்னும் காற்று-எரிபொருள் கலப்புக் கருவிக்குச் சாய்வாக இறங்கியது. தொட்டி நிறைந்திருக்கும்வரை தொல்லை இல்லை. தொட்டி குறைந்து, வண்டியின் மூக்கும் மேல்நோக்கி நிமிர்ந்துவிட்டால், கார்பரேட்டர் தொட்டிக்குச் சமமான மட்டத்துக்கோ அதற்கு மேலோ போய்விடும், பெட்ரோல் வராது. அந்தக் காரைக் கடும் ஏற்றங்களில் பின்புறமாகத் திருப்பி, ரிவர்ஸ் கியரில் ஏற்றும் வழக்கம் உலகெங்கும் இருந்ததற்குக் காரணம் இதுவே. ரிவர்ஸ் கியரின் இழுவிசை கூடுதல் என்பது உபரி நன்மை. கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பேருந்தை ஓட்டத் தொடங்கிய காலம் இத்தகைய வண்டிகளின் காலம். அவர் தேர்ந்த வழி மலையடிவாரத்தைத் தழுவிச் சென்றதே தவிர மலையில் ஏறவில்லை.

மலைக்குள் மோட்டார் தாமதமாகவே நுழைந்தது. மூணாற்றின் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தது. 1924இன் பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்தது. அது திரும்பக் கட்டப்படவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை அமைந்தபோது, சரக்குச் சுமை ரயிலிடமிருந்து லாரியிடம் கைமாறியது.

அந்தத் தலைமுறை வண்டிகளில் புவியீர்ப்புக்குத் துணையாக வெற்றிடம் வந்திருந்தது. பிரிட்டிஷ் வண்டிகளில் ஆட்டோவாக் என்ற பெயரில் அறியப்பட்ட கருவி, எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்து, எஞ்சினுக்கு மேலே இருந்த சிறு கலத்தில் நிரப்பியது. அங்கிருந்து கார்பரேட்டருக்குப் பழையபடி ஈர்ப்பு விசையால் இறங்கியது. சமவெளிக்கு இது நேர்த்தியான ஏற்பாடு. நீண்ட ஏற்றத்தில் ஓட்டுநர் ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தபடியே இருந்தால், உறிஞ்சு குழாயின் அடைப்பு முற்றிலும் திறந்துவிடுவதால் வெற்றிடமே இல்லாமல் போகிறது, மேல்கலம் நிரம்புவதில்லை. அதிக எரிபொருள் தேவைப்படும் நேரத்திலேயே எரிபொருள் வரத்து நின்றுவிடும் இந்த முரண், மலைச் சாலைக்கு வெற்றிடத்தை நம்ப முடியாது என்று காட்டியது. ஓட்டுநர் அவ்வப்போது காலை எடுத்து, கலம் நிரம்ப நேரம் கொடுத்து, மறுபடியும் ஏற வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி வாயுப் பேருந்துகள் வந்தன. மரக்கரியை அரைகுறையாக எரித்துக் கிடைக்கும் வாயுவே அவற்றின் எரிபொருள். மெல்லிய செப்புக் குழாயின் இடத்தைக் கை நுழையும் தகரக் குழாய்கள் பிடித்தன. சாம்பலை வடிகட்டவும் வாயுவைக் குளிரவைக்கவும் வேண்டியிருந்ததால் குழாய் வண்டியைச் சுற்றி வளைந்து சென்றது. எஞ்சினின் வலு வெகுவாகக் குறைந்ததால், ஏற்றங்களில் பயணிகள் இறங்கி நடப்பது வழக்கமானது. போர் முடிந்ததும் அந்த வண்டிகள் மறைந்தன. அவற்றால் பின்னாளைய குழாய் வேலைக்குக் கிடைத்தது அதிகமில்லை.

குழாய் வேலை ஒரு தனிக் கைத்தொழிலானது, எஞ்சினே இயக்கும் டயாஃப்ரம் பம்ப் பரவிய பிறகுதான். எஞ்சினின் பக்கவாட்டில் திருகப்பட்ட இந்தப் பம்புக்குள் ஒரு மெல்லிய சவ்வு மேலும் கீழும் அசைந்து, பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி, கார்பரேட்டருக்குத் தள்ளுகிறது. தள்ளும் அழுத்தம் கால் பார் அளவே, அதாவது வளிமண்டல அழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கு. அம்பாசடர், ஃபியட், பெட்ரோல் ஜீப் ஆகிய வண்டிகளை இந்தியாவின் ஒரு முழுத் தலைமுறை இந்தப் பம்பைக் கொண்டே ஓட்டியது. இதன் பலவீனம் உறிஞ்சும் பக்கத்தில் இருந்தது. பெட்ரோலில் உள்ள இலேசான கூறுகள் 35, 40 பாகை வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்குபவை. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைவு என்பதால் அங்கே இன்னும் எளிதில் ஆவியாகும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால் கொதிப்பு மேலும் முந்திக்கொள்கிறது. இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும் வண்டியில் எஞ்சின் கொதிக்கும், காற்றோட்டம் இராது, பம்போ அந்தக் கொதிக்கும் இரும்பின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். குழாயில் திரவத்துக்குப் பதிலாக ஆவி நிறைந்து, சவ்வு ஆவியையே மிதித்துக்கொண்டிருக்க, வண்டி நின்றுவிடும். இதைத்தான் ‘வேப்பர் லாக்’ என்று மெக்கானிக்குகளும் ஓட்டுநர்களும் சொல்லி வந்தார்கள்.

பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பது சாலையோர வைத்தியம். பட்டறை வைத்தியமோ குழாயின் வழியை மாற்றுவது. புகைபோக்கிக் குழாய்க்கு அருகே சென்ற பெட்ரோல் குழாயை சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோவது, தவிர்க்க முடியாத இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றுவது, பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே வெப்பம் கடத்தாத தடித்த அட்டை வைப்பது, மின்சாரப் பம்பு ஒன்றைத் தொட்டிக்கு அருகில் பொருத்தி உறிஞ்சுவதற்குப் பதிலாகத் தள்ளவைப்பது என்று மாற்றங்கள் படிப்படியாகத் தீவிரமாயின. எல்லாவற்றிலும் திறமையானது திரும்பு குழாய். கார்பரேட்டருக்கு அருகிலிருந்து ஒரு சிறு துளை வழியே உபரி பெட்ரோலையும் ஆவியையும் தொட்டிக்கே திருப்பி அனுப்பினால், குழாயில் பெட்ரோல் தேங்கிக் காயாமல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். 1983இல் வந்த மாருதி 800இல் இந்தத் திரும்பு குழாய் தொழிற்சாலையிலேயே இருந்தது.

இந்த வேலைக்கான பொருள் நெடுங்காலம் செம்புதான். தொழிற்சாலைகள் 1920களுக்குப் பின் படிப்படியாக பண்டி குழாய்க்கு மாறின. அது எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டிச் செம்பால் பற்றவைத்த குழாய். பட்டறைக்காரர்கள் செம்பை விடாததற்குக் காரணம், அது கையாலேயே வளையும், கசங்காமல் வளைக்க உள்ளே மணலை நிரப்பினால் போதும், உடைந்தால் ஈயப்பற்றிலேயே ஒட்டும் என்பவை. ஆனால் செம்புக்கு ஒரு குணம் உண்டு: தொடர்ந்து அதிர்ந்தால் அது இறுகும், இறுகினால் விரிசல் விடும். கல் பரப்பிய தோட்டச் சாலையில் இந்த இறுகல் சீக்கிரமே வந்துவிடும். ஆகவே தேர்ந்த கைகள் குழாயைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் நனைத்து மறுபடியும் மென்மையாக்கின. எஃகுக்கு நேர் எதிராக, செம்பு இவ்வாறு குளிர்வித்தாலும் இறுகுவதில்லை. அசையும் எஞ்சினுக்கும் அசையாத சேஸிஸுக்கும் இடையே குழாயை நேராக இழுக்காமல், ஜிலேபி போல இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால், அதிர்வு அந்தச் சுற்றுகளில் பரவித் தணியும். குழாய் முனையை மணி வாய்போல விரித்து நட்டால் இறுக்குவது ஒரு முறை. முனையில் பித்தளை வளையம் ஒன்றைச் செருகி, நட்டை முடுக்கும்போது அது குழாயைக் கவ்விக்கொள்ளச் செய்வது மற்றொரு முறை. விரித்த வாயின் விளிம்பில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் உறிஞ்சும் பக்கத்தில் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே புகும். கசிவு கண்ணுக்குத் தெரியாது, வண்டி மட்டும் திணறும். இந்த நோயைக் கண்டுபிடிப்பதே மெக்கானிக்கின் அனுபவத்துக்கு அளவுகோலாக இருந்தது.

ஜீப்பில் இந்தக் கலை வேறொரு திசையில் வளர்ந்தது. அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனத்து ஜீப் வடிவமைப்பை மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியிலிருந்து பம்பாயில் பொருத்தி, பின்னர் இங்கேயே தயாரித்தது. அதன் தொட்டி ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருந்ததால் குழாயின் நீளம் குறைவு, பம்புக்கு உறிஞ்சும் சுமையும் குறைவு. போர்க்களத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடு மலைக்கும் பொருந்திவந்தது. சின்னக்கானல், சாந்தன்பாறை, வண்டன்மேடு, நெடுங்கண்டம் வட்டாரங்களின் ஏலத்தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்துத் தொழிலாளர்களை விடியற்காலையில் ஏற்றிச்சென்று மாலையில் திருப்பிக் கொண்டுவருபவை இன்றும் ஜீப்புகள்தாம். நெல்லியாம்பதியின் உள்தோட்டங்களுக்கும், சூரியநெல்லி வழியாகவே வாகனத்தில் அடையக்கூடிய, தமிழக எல்லைக்குள் கிடக்கும் கொழுக்குமலைக்கும் வேறு வண்டி ஏறுவது அரிது.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏறிய வேகத்தில், பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை வைப்பது நாடெங்கும் ஒரு பட்டறைத் தொழிலாயிற்று. 1980களில் பெஜோ நிறுவனத்தின் உரிமத்தோடு மகிந்திரா தயாரித்த 2,112 சிசி எக்ஸ்.டி.பி. எஞ்சின் வந்தபோது, ஜீப் என்றால் டீசல் என்றே ஆகிவிட்டது. எஞ்சினை இறக்கிவைப்பது பளுவான வேலை, ஆனால் சிக்கலான வேலை அல்ல. உண்மையான நுட்பம் குழாயில் இருந்தது. பெட்ரோல் ஜீப்புக்கு ஒரு குழாய் போதும், டீசலுக்கு இரண்டு கட்டாயம். பெங்களூரு மைக்கோ நிறுவனத்துப் பம்பு போன்ற, எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் ஊசிப் பம்புகள் தேவைக்கு மேல் டீசலை இழுத்து, மிச்சத்தையும், இன்ஜெக்டர்களில் கசிந்த டீசலையும் தொட்டிக்குத் திருப்புபவை. ஆகவே பழைய தொட்டியில் புதிதாக ஒரு துளையிட்டு, குழாய் மூக்கு ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். காலியான பெட்ரோல் தொட்டிதான் நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது, ஏனெனில் அதில் இருப்பது வெடிக்கக் காத்திருக்கும் ஆவி. தொட்டியைப் பலமுறை கழுவி, பற்றவைக்கும் இடம் தவிர மற்றதைத் தண்ணீரால் நிரப்பிய பிறகே தீயை அருகில் கொண்டுவரலாம் என்பது பட்டறைகளின் பாலபாடம்.

டீசலின் வருகை செம்பின் மதிப்பையும் குலைத்தது. டீசலோடு நெடுநாள் பழகும் செம்பு, அந்த எண்ணெய் காற்றோடு வினைபுரிவதைத் தூண்டி, பிசின் போன்ற படிவை உண்டாக்குகிறது. துத்தநாகம் பூசிய குழாயும் ஆகாது. எஃகுக் குழாய், நைலான் குழாய், எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாய் ஆகியவை அந்த இடத்துக்கு வந்தன. இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. பெட்ரோல் வண்டியில் எதிரி ஆவி. டீசல் வண்டியில் எதிரி காற்று. ஒரு வளையம் தளர்ந்து காற்று புகுந்துவிட்டால் ஊசிப் பம்பு அந்தக் காற்றையே அமுக்கிக்கொண்டிருக்கும், டீசல் பீச்சாது. வடிகட்டியின் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அமுக்கி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை ‘ஏர் எடுப்பது’ ஒவ்வொரு ஜீப் ஓட்டுநரும் அறிந்த வேலை; மலைச்சாலையில் பட்டறை இல்லை என்பதால் அறிந்தே ஆகவேண்டிய வேலை.

கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கும் கோயம்புத்தூரில் இதே அறிவு பந்தயத்தை நோக்கித் திரும்பியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில், 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளம் திறக்கும்வரை அதுவே தென்னிந்தியப் பந்தயத்தின் மையம். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த அந்தக் காலத்தில் பந்தயக் காரின் உறுப்புகள் கடையில் கிடைப்பவை அல்ல. லேத்தும் வார்ப்பாலையும் பம்புத் தொழிலும் நிறைந்த கோவையில் அவற்றைச் செய்துகொள்ள முடிந்தது. கோவையின் எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியது, உள்ளூர்ப் பொருளால் பந்தயத்தை எளியதாக்கிய செயல். பின்னாளில் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியவற்றுள் அதுவும் ஒன்று. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் பின்னர் அமைந்த பந்தயத்தளத்துக்கு அவர் பெயரே இடப்பட்டது.

பந்தயக் காரில் குழாயை மாற்றவேண்டிய காரணங்கள் மலை வண்டியின் காரணங்களோடு வியக்கத்தக்க அளவு ஒத்தவை. கொண்டை ஊசி வளைவில் ஏறும் ஜீப்பின் தொட்டியில் டீசல் ஒரு பக்கமாகச் சாய்வதைப் போலவே, வேகமாகத் திரும்பும் பந்தயக் காரில் பெட்ரோல் வெளிப்புறச் சுவரில் ஏறிக்கொள்கிறது; உறிஞ்சு குழாயின் வாய் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. இதற்கு விடை, தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பதும், தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே எப்போதும் நிறைந்திருக்கும் ஒரு சிறு இடைக்கலம் வைப்பதும். பிரதான தொட்டியிலிருந்து வலு குறைந்த பம்பு ஒன்று இடைக்கலத்தை நிரப்ப, அங்கிருந்து வலிய பம்பு எஞ்சினுக்கு அனுப்ப, உபரி மீண்டும் இடைக்கலத்துக்கே வந்துசேரும். ஆட்டோவாக்கின் மேல்கலம் செய்ய முயன்றதும் இதையே. அதற்கு வாய்க்காதது நம்பத்தக்க பம்பு.

பந்தயம் கொண்டுவந்த புதிய பொருள், எஃகுக் கம்பி பின்னிய உறையுள்ள வளையும் குழாய். அதன் இணைப்பிகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவ விமானங்களுக்கு வகுத்த ஏ.என். அளவுமுறையைச் சேர்ந்தவை: எண் 6 என்றால் ஓர் அங்குலத்தின் பதினாறில் ஆறு பங்கு குழாய், எண் 8 என்றால் அரை அங்குலம். இவற்றின் கூம்பு 37 பாகை. சாதாரண வாகனக் குழாய்களின் விரிவோ 45 பாகை. இரண்டும் ஒன்றோடொன்று திருகிக்கொள்வதுபோலவே தோன்றும், ஆனால் கூம்பு முழுதாகப் படியாமல் ஓரத்தில் மட்டும் தொடுவதால் எவ்வளவு முடுக்கினாலும் கசியும். விதிகளும் வந்தன. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் பாதுகாப்பு விதிப்படி, எரிபொருள் குழாய் ஓட்டுநர் அறைக்குள் செல்லலாம், ஆனால் முன்புற, பின்புறத் தடுப்புச் சுவர்களைத் தவிர உள்ளே எந்த இணைப்பும் இருக்கக்கூடாது. வளையும் குழாய் 135 பாகை வெப்பத்தில் இயங்கவும், வெடிக்காமல் 70 பார் தாங்கவும் வேண்டும். செப்புக் குழாயைச் சிவக்கக் காய்ச்சிய கைக்கு இந்த எண்களில் எதையும் சோதித்துப் பார்க்க வழி இல்லை. சான்றிதழோடு வரும் குழாயை வாங்கியே ஆகவேண்டிய காலம் அங்கே தொடங்கிற்று.

சாலை வண்டிகளிலும் அழுத்தமே இந்தக் கைத்தொழிலின் எல்லையைக் குறித்தது. 2000ஆம் ஆண்டையொட்டி மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் கார்பரேட்டரை வெளியேற்றி, பெட்ரோலைப் பீச்சும் ஊசி முறையைக் கொண்டுவந்தபோது, பெட்ரோல் குழாயின் அழுத்தம் கால் பாரிலிருந்து ஏறத்தாழ 3 பாராக உயர்ந்தது. கார்பரேட்டர் வண்டியில் கையால் முடுக்கிய கிளிப் தளர்ந்தால் வாசனை வரும். 3 பாரில் அதே கிளிப் தளர்ந்தால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீச்சும். மாருதியின் ஜீப் வகை வண்டியான பழைய ஜிப்ஸியில் ஊசி முறை எஞ்சினைப் பொருத்துகிறவர்கள் கார்பரேட்டருக்கான மெல்லிய ரப்பர் குழாயையே மறுபடியும் பயன்படுத்துவது தீ விபத்துக்கு விதை. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் செல்லும் காமன் ரெயில் எஞ்சின்களில் அழுத்தம் 1,600 பார் அளவை எட்டியது. அங்கே குழாயை வளைப்பதற்கோ ஒட்டுவதற்கோ இடமே இல்லை, ஒருமுறை கழற்றிய குழாயை மறுபடியும் முடுக்காமல் புதியதைப் போட வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

சட்டமும் அதே திசையில் நகர்ந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அம்சங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது; கேரள உயர்நீதிமன்றம் இதற்குச் சற்றுத் தாராளமாகப் பொருள் கொண்ட தீர்ப்பை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. கேரளப் பதிவு எண்ணோடு எல்லை தாண்டும் ஜீப்புகளுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. இதற்கிடையே 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்து, பழைய ரப்பர்களை ஊதவும் வெடிக்கவும் செய்வதால், கார்பரேட்டர் காலத்து வண்டிகளை வைத்திருப்போர் குழாய்களை மறுபடியும் மாற்றவேண்டியிருக்கிறது. தொட்டியிலிருந்து வடிகட்டிவரை செல்லும், அழுத்தம் குறைந்த அந்தப் பின்பகுதிக் குழாய் மட்டுமே இப்போது எல்லைப் பட்டறைகளின் கைக்கு மிஞ்சியிருக்கிறது. கல்லில் உரசித் தேய்வதும், காட்டுப் பாதையில் கிளை குத்திக் கிழிவதும் அந்தப் பகுதியே என்பதால், வேலைக்குக் குறைவில்லை.